லாக்கரில் நுழையாத பெட்டி

எங்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் பாதி சுவர்க்கடிகாரம், மீதி எவர்சில்வர் பாத்திரம். அவற்றுக்கு நடுவே வெள்ளைத் துண்டில் சுற்றிய பொருள் ஒன்று தனியாகக் கிடந்தது. பெயரும் இல்லை, வாழ்த்தும் இல்லை. மறுநாள் காலையில் என் மனைவி அதைப் பிரித்தாள். உள்ளே ஒரு மரப்பெட்டி. பலா மரம். புதிதாக இழைத்த பலா, சுளையின் நிறத்திலேயே இருக்கும். மூடியில் பூவோ மயிலோ எதுவும் கிடையாது, ஓரமாக ஒரே ஒரு கோடு மட்டும் சுற்றி ஓடியிருந்தது. திறந்தால் மேலே ஒரு தட்டு. தோட்டுக்கு, மூக்குத்திக்கு, மோதிரத்துக்கு என்று சின்னச் சின்ன அறைகள். தட்டைத் தூக்கினால் அடியில் சங்கிலிக்கும் வளையலுக்கும் இடம். அவள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து முகர்ந்தாள். முதல் நாள் மணவறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

"எங்க ஊட்டு மரம்" என்றாள்.

"யார் குடுத்தது?"

"மாமா."

என் வயிற்றெரிச்சலுக்கு அன்றைக்கு வயது ஒரு நாள்.

மாமா என்றால் அவளுடைய தாய்மாமன் மகன். எங்கள் பக்கத்துப் பெண்கள் மாமன் மகனைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். இவளுக்கும் அவருக்கும் சின்ன வயதிலேயே பேச்சு இருந்திருக்கிறது. சொந்தத்தில் கொடுத்தால் பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ ஒரு டாக்டர் என் மாமனாரிடம் சொல்லிவிட்டார். அவர் பயந்துபோய் அசலில் மாப்பிள்ளை தேட, அகப்பட்டவன் நான். கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அசலில் வந்தவனுக்கு மாமா என்கிற அழைப்பெல்லாம் கிடைக்காது. தாலி கட்டிய நான் இன்றுவரை "ஏங்க". கட்டாத அவர் "மாமா". இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. ஒரே பெண்ணைக் கட்டுகிற முறையுள்ள இரண்டு ஆண்கள், நம் உறவுக் கணக்கில் அண்ணன் தம்பி ஆகிவிடுகிறார்கள். அவர் என்னைவிட இரண்டொரு வயது இளையவர். ஆகவே நான் அவருக்கு அண்ணன். எனக்குப் பிறந்த மகளுக்கு அவர் சித்தப்பா. எவனைப் பார்த்தால் எனக்குப் பற்றி எரிகிறதோ அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்னாண்ணே, நல்லாருக்கீங்களா?" என்று வாய் நிறையக் கேட்பான். நானும் "வா தம்பி" என்று சொல்லியாக வேண்டும். மனதுக்குள் மட்டும் நான் அவரைத் தம்பி என்று சொல்லிக்கொண்டதே இல்லை. சிதம்பரத்தார் என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

சிதம்பரத்தில் அவருக்கு மரவேலைப் பட்டறை. நிலை, கதவு, கட்டில், பூஜை அலமாரி எல்லாம் செய்து கொடுப்பார். நல்ல உயரம். தலையில் இன்றைக்கும் ஒரு முடி கொட்டவில்லை. எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷமே நெற்றி ஏறிவிட்டது. சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். எங்கள் வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். தூக்குவாளியில் கத்திரிக்காய் கொத்சு கொண்டுவருவார். அதை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாக்கு கேட்காது. இட்லிக்கு அதைத் தொட்டுச் சாப்பிடும்போது, இந்தக் கொத்சுவாவது கொஞ்சம் மட்டமாக இருந்து தொலையக் கூடாதா என்று தோன்றும்.

அவர் செய்த பெட்டி எங்கள் படுக்கையறையில், என் மாமியார் வீட்டுச் சீராக வந்த இரும்பு பீரோவின் லாக்கருக்குள் குடியேறியது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததும் அவள் அதை எடுப்பாள். கல்யாணத்துக்குப் போகும்போது எடுப்பாள். திரும்பி வந்து வைப்பாள். காடாம்புலியூரில் அவள் பிறந்த வீட்டுக் கொல்லையில் நின்ற பலா அது, புயலில் சாய்ந்ததை அறுத்துச் சிதம்பரத்தார் எடுத்துக்கொண்டு போனாராம். கோடை விடுமுறைக்கு அவர் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஏறி விளையாடிய மரமாம். இந்த விவரத்தை அவள் என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! சொல்லும்போது மனதில் கள்ளம் கிடையாது. கள்ளம் இருந்தால் சொல்லுவாளா? அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வயிற்றெரிச்சலுக்குக் காது கிடையாது.

பலா மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வருஷம் ஏற ஏற மஞ்சள் போய், தேன் நிறமாகி, அப்புறம் செம்பழுப்பாகும். எங்கள் வீட்டில் வாங்கிய எல்லாச் சாமானும் பழையதாகித் தேய்ந்தது, துருப்பிடித்தது, ஆட்டம் கண்டது. அந்தப் பெட்டி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அழகாகிக்கொண்டே போனது. அவரும் அப்படித்தான்.

என் குறை என்ன என்று கேட்டால் வெளிப்படையாகவே சொல்கிறேன். எனக்காக அவள் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. என் தொழில் எப்படிப்பட்டது? கடைக்கு வருகிற பெண்களின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, இந்த பிரேம் உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி, காதோரம் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். இதே தொழிலில் இருக்கிற என் நண்பர்களின் மனைவிமார் கடைக்கு வந்து கல்லாவில் காவல் உட்கார்ந்த கதையெல்லாம் உண்டு. என் மனைவி மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வருவாள். எந்தப் பெண்ணுக்கு நான் கம்பி வளைத்துக்கொண்டிருந்தாலும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். "சாம்பாரு தனியா வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நம்பிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கோ அது நம்பிக்கை மாதிரித் தெரியவில்லை, இவனை யார் கொத்திக்கொண்டு போகப் போகிறார்கள் என்கிற அலட்சியமாகத் தெரிந்தது. நான் அவளை நினைத்து எரிந்த எரிச்சலில் ஒரு பிடி அவளும் என்னை நினைத்து எரிந்திருந்தால் என் மனது ஆறியிருக்கும்.

அறுபது வயது வந்தது. அறுபதாம் கல்யாணம் செய்தே ஆகவேண்டும் என்று சென்னையில் வேலை பார்க்கிற மகள் பிடிவாதம் பிடித்தாள். திரும்பவும் ஒரு தாலி, திரும்பவும் ஒரு மாலை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்தக் கல்யாணத்துக்கு அவளுக்கு நானே ஒரு நகைப்பெட்டி செய்து கொடுக்கிறேன். பலா மரத்திலேயே செய்கிறேன். அவள் நகையெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து என் பெட்டிக்குக் குடிமாற வேண்டும். அது ஒன்று நடந்தால் போதும், அறுபது வயதுக்குப் பிரயோசனம்.

மரத்துக்குப் பண்ருட்டிக்குப் போனேன். பச்சைப் பலா வாங்கினால் பின்னால் முறுக்கிக்கொள்ளும் என்று போனில் பார்த்த வீடியோக்களில் சொல்லியிருந்தார்கள். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற ஒரு கடையில் பழைய கதவுப் பலகை கிடைத்தது. மேலே பெயிண்ட் அப்பியிருந்தாலும் உள்ளே நல்ல வைரம் பாய்ந்த பலா. கடைக்குப் பின்னால், கண்ணாடி வில்லைகளைத் தேய்க்கிற சின்ன அறையை மரப்பட்டறையாக்கினேன். ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் புதிதாக வாங்கினேன். இழைப்புளி என் சொல் பேச்சைக் கேட்க எடுத்துக்கொண்ட நாட்களில் எனக்குப் பழக்கமில்லாத கெட்ட வார்த்தைகள் எல்லாம் பழக்கமாயின. ஒருநாள் கண்ணாடியை வாங்கிப் போன வாத்தியார் ஒருவர் திரும்பி வந்து, "என்னா சார், ஊரே மஞ்சளாத் தெரியுது?" என்றார். துடைத்துப் பார்த்தால் வில்லை முழுக்கப் பலாத்தூள்.

மூலைகளைப் பொருத்துவதுதான் பெரிய பாடு. இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்கிற மாதிரி பலகையின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்றைச் செருக வேண்டும். ஒரு பல் கொஞ்சம் பருத்தால் நுழையாது, இளைத்தால் ஆடும். முதல் பலகை விறகாயிற்று. இரண்டாவதில் மூன்று மூலை சரியாக வந்து நாலாவது மூலை வாயைப் பிளந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அந்த இடுக்கை அடைத்துவிட்டேன். ஆனால் கீல் வைத்தேன் பாருங்கள், அங்கே எந்த ஆசாரியும் என் பக்கத்தில் நிற்க முடியாது. கண்ணாடிக்குப் போடுகிற ஸ்குரூவோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். மூடி தூக்கினால் தூக்கிய இடத்தில் நிற்கும். சத்தமில்லாமல் இறங்கும். சிதம்பரத்தார் பெட்டியில் அந்த வேலை கிடையாது. அதை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

அளவு? அதைச் சொல்லாமல் விட்டால் கதையே இல்லை. அவள் கோயிலுக்குப் போயிருந்த சமயம் பீரோவைத் திறந்து, கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளக்கிற என் கடை ஸ்கேலை வைத்து, பழைய பெட்டியை நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்துகொண்டேன். பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை கூட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்க வேண்டுமா? எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவர் பெட்டியைவிட என் பெட்டி பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, மகளும் வந்திருந்தாள். பெட்டியை அவள் அம்மா கையில் கொடுத்தேன். "நீங்களா செஞ்சீங்க?" என்று மனைவி வாயைப் பிளந்தாள். மூடியைத் திறந்து திறந்து மூடினாள். என் நெஞ்சு இரண்டு மடங்கு ஆனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பீரோவுக்குப் போனாள். பழையதை வெளியே எடுத்துவிட்டு என்னுடையதை லாக்கருக்குள் தள்ளினாள். போகவில்லை. பக்கவாட்டில் திருப்பினாள். போகவில்லை. சாய்த்து, ஒரு மூலையை முன்னால் விட்டுப் பார்த்தாள். இரண்டு விரற்கடை இடித்தது.

"அந்தப் பொட்டி மட்டும் எப்படிப் போவுது?" என்றேன். குரல் எனக்கே சகிக்கவில்லை.

"இந்த பீரோ வாங்கும்போது மாமாவும்தான கூட வந்துது. அப்பவே லாக்கர அளவெடுத்துக்கினுதான் போச்சு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை! இந்த பீரோ வாங்கப் போனபோதும் அந்த ஆள் இருந்திருக்கிறார். இத்தனை வருஷமாக எனக்கு அது தெரியாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது என் மகள் வேறொரு காரியம் செய்தாள். என் பெட்டியின் மேல்தட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பழைய பெட்டியை அப்படியே அதற்குள் இறக்கினாள். அச்சில் வார்த்த மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது. மூடியும் மூடியது.

"அப்பா, சித்தப்பா பொட்டிக்கு ஒறை செஞ்சிருக்கீங்களா?" என்றாள்.

அம்மாவும் பெண்ணும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெற்ற பெண்ணே வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினால் யாரிடம் போய்ச் சொல்வது? நகை பழைய பெட்டியிலேயே இருந்தது. பழைய பெட்டி லாக்கருக்கே போனது. என் பெட்டியை பீரோவுக்கு மேலே வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் அதற்குள் ஹேர்பின்னும் ஊக்கும் மாத்திரை அட்டையும் கிடந்தன.

மறுநாள் பாடலீஸ்வரர் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பந்தி முடிந்தது. கூடத்தில் சிதம்பரத்தார் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு என் சொந்தக்காரர்களையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். வேஷ்டி மாற்ற நான் படுக்கையறைப் பக்கம் போனேன். உள்ளே என் மனைவியும் சிதம்பரத்தார் மனைவியும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் அதிகம் பேசாதவர். கணவர் சிரிக்கிற சிரிப்பில் அவர் குரலை யார் கேட்டார்கள்? அன்றைக்கு என் பெட்டியை பீரோ மேலிருந்து இறக்கிக் கையில் வைத்திருந்தார்.

"இது யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"அவுங்கதான். சொன்னா நம்புவியா நீ?" என்றாள் என் மனைவி.

அந்த அம்மாள் மூடியைத் தூக்கினார். அது தூக்கிய இடத்தில் நின்றது. விரலால் மெதுவாக இறக்கினார். மறுபடி தூக்கினார். கணவருக்கு நான் அண்ணன் முறை என்பதால் அந்த அம்மாளுக்கு நான் மாமா. அப்புறம் என்னைப் பார்த்து, "எங்க ஊட்டுல பட்டற இருக்குது மாமா. ஊருக்கெல்லாம் கட்டிலு, அலமாரி போவுது. இவுரு எனக்குன்னு ஒரு பொட்டி செஞ்சு குடுத்ததில்ல. என் தோடு இன்னமும் பிஸ்கட் டின்னுலதான் கெடக்குது" என்றார். சொல்லிவிட்டுப் பீரோப் பக்கம் திரும்பினார். "நான் இங்க வர்றப்ப இவ அந்த லாக்கரத் தொறக்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா?" என்றபோது குரல் உடைந்தது.

எனக்கா தெரியாது? தாயே, என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷமாக இந்தத் தீயில் வேகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டிலும் அதே அடுப்பு எரிந்திருக்கிறது. நான் யோசிக்கவே இல்லை. ஹேர்பின்னையும் மாத்திரையையும் கட்டில் மேல் கொட்டினேன். பெட்டியைத் துண்டால் துடைத்து அந்த அம்மாள் கையில் கொடுத்தேன். "எடுத்துக்கம்மா. உனக்குத்தான்" என்றேன்.

இரக்கமா, வஞ்சமா என்று கேட்டால் இரண்டும்தான். அந்த அம்மாள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, "இத பாத்தீங்களா? மாமா எனக்குக் குடுத்தாரு" என்று கணவரிடம் காட்டினார். சிதம்பரத்தார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசை அடைத்த நாலாவது மூலையில் அவர் கட்டைவிரல் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் மூடியைத் தூக்கினார். அது தூக்கிய இடத்தில் நின்றது. அவர் சிரிப்பு அடங்கியது. "கீலு நல்லா வெச்சிருக்கீங்கண்ணே" என்றார். அதற்குமேல் சாயங்காலம் பஸ் ஏறும்வரை அவர் பேசவில்லை. அப்பாடா! அந்த மனிதர் வாய் மூடியதைக் கண்ணால் பார்க்க எனக்கு அறுபது வயது வரை ஆயுள் இருந்ததே!

எல்லோரும் போனபிறகு அறைக்குள் வந்தேன். என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து ஹேர்பின்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவ கண்ணக் கசக்குனா உடனே தூக்கிக் குடுத்துடறதா?"

"நீ அதுல மாத்திரதான வெச்சிருந்த?"

"நான் மாத்திர வெப்பேன், மண்ண வெப்பேன். அது என் இஷ்டம். அவளுக்கு எதுக்குங்க குடுத்தீங்க? 'எடுத்துக்கம்மா, உனக்குத்தான்'னு அப்படி ஒரு கொரலு! எங்கிட்ட என்னைக்காவது அந்தக் கொரல்ல பேசியிருக்கீங்களா?"

"வேற ஒண்ணு செஞ்சு தரேன்."

"ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்து அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாரக்கணக்கில் சாப்பாட்டுத் தட்டு ஓசையோடுதான் என் முன் வந்து இறங்கியது. கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், நான் ஒரு பெண்ணுக்குக் காதோரம் கம்பி வளைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் எழுந்து போகும்வரை போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நான் அந்தக் கம்பியைத் தேவைக்கு மேலேயே கொஞ்சம் நேரம் வளைத்தேன்.

போன மார்கழியில் தரிசனத்துக்குச் சிதம்பரம் போனோம். வழக்கம்போல அவர்கள் வீட்டில் சாப்பாடு. கொத்சு வழக்கம்போலவே நன்றாக இருந்தது. என் பெட்டி அவர்கள் பீரோவில் இல்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி கூடத்து அலமாரியில், சாமி படத்துக்குக் கீழே இருந்தது. பலா கொஞ்சம் நிறம் மாற ஆரம்பித்திருந்தது. என் மனைவி தண்ணீர் குடிக்கிற சாக்கில் அதன் பக்கத்தில் போய் நின்றாள். மூடியைத் தூக்கினாள். உள்ளே அந்த அம்மாளின் தோடும் சங்கிலியும் அவையவற்றின் அறையில் அழகாக இருந்தன. சிதம்பரத்தார் என்னவோ சொல்லி, "இல்ல புள்ள?" என்று இவளைப் பார்த்துச் சிரித்தார். இவள் காதில் விழவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியது. தூங்கிவிட்டாளோ என்று குனிந்து பார்த்தேன். கண் இரண்டும் கலங்கியிருந்தது.

"என்னா?" என்றேன்.

"எனக்குன்னு செஞ்சதுங்க அது" என்றாள்.